ஸ்பீக்கர் வேண்டாம் என்று எழுதியிருந்தாள்

நான் ஒட்டுக்கேட்கிறவள். பின்னால் யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட முதல் வரியில் நானே சொல்லிவிடுவது மரியாதை. எனக்கு மூட்டுவலி. பள்ளியில் மாடி வகுப்பு போட்டால் நாலாவது படியில் உட்கார்ந்துவிடுவேன். ஆனால் மூடிய கதவு ஒன்றைக் காட்டுங்கள். காதைப் பதித்து, மூச்சை அடக்கி, கால் மணி நேரம் ஆடாமல் நிற்பேன்.

தொழிலும் அதற்குத் தோதானது. சமயநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். காற்றைவிட மரக்கதவு வழியாக ஒலி வேகமாகப் போகும் என்று இருபத்தோரு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். (மூன்று மதிப்பெண் கேள்வி.) நடைமுறையில் சோதித்துப் பார்த்த ஆசிரியை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தக் கதவு என் மகள் ஹரிணியின் அறைக் கதவு. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் முதல் வருடம் சேர்ந்தவள், தீபாவளி லீவுக்கு விளாங்குடி வீட்டுக்கு வந்தாள். லீவு முடிந்தது. பையை எடுத்து வைத்தேன். அவள் பையைப் பிரித்துத் துணியை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். "நான் போகலம்மா. அங்க எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சாப்பிட வருவாள், குளிக்க வருவாள், மறுபடி தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அவள் அப்பாவுக்கு ஓசூரில் வேலை. மாதம் இரண்டு முறை வருவார். "விடு, புள்ள தானா சரியாகும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவார். என்னால் அப்படி விட முடியாது. நான் பயப்படுகிற வகை. கேஸை மூடினேனா என்று பார்க்க சமயநல்லூரிலிருந்து பஸ் மாறித் திரும்பி வந்தவள் நான். (மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கிறது.) அந்த வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை "கேஸ மூடியாச்சா?" என்று கேட்பேன் என்பது எனக்கே பிற்பாடுதான் தெரியவந்தது. எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. தெருவுக்கே தெரியவந்தது.

அக்கம்பக்கத்தில் ஹரிணியைப் பற்றி விசாரித்தார்கள். "லீவுல வந்திருக்கா" என்றேன். முதல் ஐந்து நாளைக்கு அது உண்மை. அதற்குப் பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பொங்கல் வந்தது, போனது. நாத்தனார் போனில் கேட்டாள், தலைமையாசிரியை கேட்டார், பால்காரர் கேட்டார். லீவுல வந்திருக்கா. உலகத்தில் எந்தக் கல்லூரியும் விடாத லீவை நான் விட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான், மாசி மாதம் தொடங்கிய நேரத்தில், ஒரு சாயங்காலம் ஹரிணி தானாக வெளியே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள்.

"அம்மா, எனக்குக் கொஞ்சம் சாமான் வேணும்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். மூன்றரை மாதத்தில் அவள் கேட்ட முதல் பொருள்.

லேப்டாப்பில் பீட் செய்கிறாளாம். பீட் என்றால் பாட்டுக்கு அடியில் ஓடுகிற தாளமும் சத்தமும். வார்த்தை இருக்க வேண்டியதில்லை. கதவோரம் நின்று நான் கேட்ட 'டொப் டொப்' அதுதான். (கட்டிலில் முட்டிக்கொள்கிறாளோ என்று ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன்.) தாளில் நான்கு வரி இருந்தது. ஒன்று, காதை முழுசாக மூடுகிற ஹெட்போன். இரண்டு, ஆடியோ இன்டர்ஃபேஸ். மூன்று, இருபத்தைந்து கட்டை வைத்த சின்னக் கீபோர்டு. நான்கு, மைக். அதற்குக் கீழே அடிக்கோடு போட்டு: ஸ்பீக்கர் வேண்டாம்.

"இன்டர்ஃபேஸ்னா என்னடி?"

"சின்ன டப்பாம்மா. மைக்குல போற சத்தத்த லேப்டாப்புக்குப் புரியுற மாதிரி மாத்திக் குடுக்கும். கம்மி விலையுள்ளதே போதும். மைக்கும் சுமாரானது போதும். ஹெட்போன் மட்டும் கொஞ்சம் நல்லதா வேணும்."

"ஏன், அதுக்கு மட்டும் என்ன ஒசத்தி?"

"கேக்குறது சரியில்லைனா செய்யுறது எதுவும் சரியா வராதும்மா."

எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்குள் முடித்துவிடலாம் என்று அவளே எங்கெங்கோ பார்த்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அன்று அவள் பேசியது மொத்தம் இருபது வாக்கியம் இருக்கும். தீபாவளிக்குப் பிறகு பேசிய எல்லாவற்றையும் கூட்டினாலும் அவ்வளவு தேறாது. எழுந்து போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழவில்லை. நான் காத்திருந்து பார்த்தேன். விழவே இல்லை.

அந்தத் தாளை அப்படியே கடைக்கு எடுத்துப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். விடைத்தாள் திருத்துகிற கை சும்மா இருக்காது. ஹெட்போன் போட்டால் காது கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முதல் வரியை அடித்தேன். கீழே 'வேண்டாம்' என்பதையும் அடித்தேன். மிச்சம் நின்றது: ஸ்பீக்கர். உண்மைக் காரணம் காதும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் கதவோரம் நின்று நான் எதைக் கேட்பது?

அடுத்தது யாரிடம் வாங்கச் சொல்வது என்பது. எங்கள் குடும்பத்தில் ஒலி என்றால் என் தம்பி முத்துப்பாண்டிதான். சோழவந்தானில் மைக்செட் வைத்திருக்கிறான். காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை, எதுவாக இருந்தாலும் அவன் பெட்டிதான் பாடும். அவன் இருக்கும்போது அவன் மருமகளுக்கு மைக்கை வேறொரு கடையில் வாங்கினோம் என்று தெரிந்தால் அடுத்த விசேஷத்துக்குத் தாய்மாமன் வரமாட்டான். தாய்மாமன் வராத விசேஷத்தை எங்கள் பக்கம் யாரும் விசேஷமாக மதிப்பதில்லை. ஆகவே திருத்திய தாளைப் படம்பிடித்து அவனுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

"ஏக்கா, நம்ம ஹரிணி பாட்டுக் கட்டுதாமே! நீ ஒண்ணும் பேசாத. எம்புட்டு ஆனாலும் இது மாமன் சீரு."

"சீரெல்லாம் வேணாம் பாண்டி. சின்ன சாமான். நீ சத்தமில்லாம கொண்டுவந்து குடு, போதும்."

"மைக்செட்காரன்கிட்டப் போயி சத்தமில்லாம கொண்டு வாங்குற. ஞாயித்துக்கெழமை காலைல வாரேன்."

வந்தான்.

ஞாயிறு பத்து மணி. தெருமுனையில் ஒரு குட்டியானை வண்டி திரும்பியது. முன்னால் கண்ணாடிக்கு மாலை. பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு கறுப்புப் பெட்டிகள். அவற்றின் நடுவில் பட்டு வேட்டியில் என் தம்பி, ஒரு ஆம்ப்ளிஃபையரை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி முன்சீட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினாள்: ஒரு தாம்பாளத்தில் தேங்காய் பழம், ஒன்றில் சோழவந்தான் வெற்றிலைக் கட்டு, ஒன்றில் பூ, ஒன்றில் மிட்டாய்த்தாள் சுற்றிய டப்பாக்கள். அந்த டப்பாக்களில் ஹரிணி கேட்ட இன்டர்ஃபேஸும் கீபோர்டும் சரியாகவே இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். மைக் மட்டும் அவன் கடை மைக். "நாப்பது கோயில் கொடை பாத்த மைக்குக்கா. ராசியானது."

மைக்செட் இறங்குகிற வீட்டில் என்ன நடக்கும் என்று எங்கள் தெருவுக்குத் தெரியும். ஒன்று நல்லது, இல்லாவிட்டால் கெட்டது. தாம்பாளம் இருந்ததால் நல்லது என்று முடிவு செய்து, பக்கத்து வீட்டுப் பரிமளா அக்கா புதுச் சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவர் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர்.

"டீச்சர், ஒரு வார்த்த சொல்லலையே! மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

"அய்யோ, அதெல்லாம் இல்லக்கா."

"அப்ப என்ன விசேஷம்?"

மகள் கல்லூரியை விட்டுவிட்டு வீட்டில் தாளம் போடுகிறாள், அதற்குச் சீர் என்றா சொல்வது? "சும்மாதான், தம்பி வந்திருக்கான்" என்றேன். பட்டு வேட்டியும் நாலு தாம்பாளமுமாகச் சும்மா வந்த தம்பியைத் தெரு மேலும் கீழும் பார்த்தது.

ஹரிணி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு ஊற்றிக்கொள்கிற நாள். அரை மணி ஆகும். அவள் அறை திறந்து கிடந்தது. பெட்டிகளை உள்ளே கொண்டுபோகப் பார்த்தார்கள். வாசற்படியில் இடித்தது. சாய்த்தார்கள், படுக்கப் போட்டார்கள், பாண்டி வேட்டியை மடித்துக் கட்டினான். அந்தப் பெட்டிகள் கல்யாண மண்டபத்துக்கென்று பிறந்தவை, பத்துக்குப் பத்து அறையில் நுழைய மறுத்துவிட்டன. கடைசியில் போர்டிகோவிலேயே, தெருவைப் பார்த்து, இரண்டு யாளி மாதிரி நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாக வயரை உள்ளே விட்டு லேப்டாப்பில் செருகினான்.

"அக்கா, இதுல ஏதோ செஞ்சு வச்சிருக்கு. டெஸ்ட்டுக்குப் போட்டுப் பாக்கவா? இல்ல, புள்ள வரட்டுமா?"

இந்த இடத்தில் நான் "புள்ள வரட்டும்" என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று மாதமாகக் கதவு வழியாக அரைகுறையாகக் கேட்ட அந்தச் சத்தம் முழுசாக எனக்கு வேண்டியிருந்தது.

"போடு" என்றேன்.

முதலில் குக்கர் விசில். எங்கள் வீட்டுக் குக்கர்தான், எனக்குத் தெரியாதா. அதன் மேல் 'டொப்' என்று ஒரு அடி. அடுத்து கேட் கொக்கி விழுகிற 'ணங்', என் ரப்பர் செருப்பின் 'சரக் சரக்'. எல்லாம் தாளத்தில் விழுந்தன. நன்றாக இருந்தது. சத்தியமாக நன்றாக இருந்தது. பரிமளா அக்கா தலையை ஆட்ட ஆரம்பித்தார். பாண்டி எக்கோவைத் திருகி ஏற்றினான்.

அப்போது, திண்டுக்கல் ரோடு வரைக்கும் கேட்கும்படி, ஒரு பெண்மணி கத்தினாள்:

"கேஸ மூடியாச்சா?"

யாரோ என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மூடியாச்சா... மூடியாச்சா... மூ... மூ... மூடியாச்சா?" டொப். "போனதும் போன் பண்ணு." சரக். "யாரு கூட? யாரு கூட? மூடியாச்சா?" எதிர்முழக்கம் பற்றி நான் நடத்திய பாடமெல்லாம் அன்று உருவெடுத்து வந்து என்னையே திருப்பிச் சாத்தியது. தெரு சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நான் கதவுக்கு இந்தப் பக்கம் காது வைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம், அந்தப் பக்கம் அவள் லேப்டாப் மைக்கைத் திறந்து வைத்திருந்திருக்கிறாள்.

பிறகு தாளம் நின்றுவிட்டது. கூடத்தில் போன் பேசுகிற என் குரல் மட்டும், தாழ்வாக, குழைவாக.

"லீவுல வந்திருக்கா." இடைவெளி. "லீவுலதான் வந்திருக்கா." இடைவெளி. "ஆமா, லீவு." ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் ஒவ்வொருவரிடம் சொன்னது. ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் என் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போனது. கடைசியில் அவளுடைய குரல், ரகசியம் சொல்வது போல: "இன்னைக்கு நூத்திப் பதினாறாவது நாள் லீவு."

அதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. பரிமளா அக்காதான் வாயைத் திறந்தார்.

"எந்தக் காலேஜுல டீச்சர் இம்புட்டு நாள் லீவு விடுறாக?"

குளியலறைக் கதவு திறந்தது. ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஹரிணி வந்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். தாம்பாளங்களை, மாமனை, தெருவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம். அவள் நேராக மெயின் சுவிட்ச் பக்கம் நடந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கீழே இழுத்துவிட்டாள். வீடு முழுக்கச் செத்தது. மின்விசிறி சுற்றி ஓய்கிற சத்தம்கூடக் கேட்டது. அறைக்குள் போனாள்.

தாழ்ப்பாள் விழுந்தது.

பரிமளா அக்கா கையிலிருந்த தேங்காயை மெதுவாகத் தாம்பாளத்தில் திருப்பி வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொருவராகப் போனார்கள். பாண்டி கதவோரம் போய் நின்று, பட்டு வேட்டியில் வியர்வை துடைத்துக்கொண்டு, "ஆத்தா ஹரிணி, மாமன்தேன் தெரியாமப் போட்டுட்டேன். அம்மாவ ஒண்ணும் சொல்லாத" என்றான்.

போடச் சொன்னது நான். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

அதன் பிறகு அவள் சாப்பிடவும் வெளியே வரவில்லை. தட்டை வாசலில் வைப்பேன். நான் அந்தப் பக்கம் போனதும் எடுத்துக்கொள்வாள். காதை வைத்துப் பார்த்தேன். குக்கர் இல்லை, டொப் இல்லை, ஒன்றுமே இல்லை. மூன்றாம் நாள் கதவிடம் சொன்னேன்: "மாமா போடல. நான்தான் போடச் சொன்னேன்." நான்காம் நாள் வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்றவளுக்கு அதிர்வெண் என்ற சொல் மறந்துபோயிற்று. ஒரு பிள்ளை எழுந்து சொல்லிக்கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன். ஒரு சின்னக் கடை. கல்லாவில் முப்பது வயது மதிக்கத்தக்கவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, நான் சிவப்பில் அடித்த முதல் வரியைக் காட்டினேன்.

"இது வேணும் தம்பி."

"அடிச்சிருக்கே மேடம்?"

"தப்பா அடிச்சிட்டேன்."

"யாருக்கு?"

"மகளுக்கு."

"என்ன படிக்கிறாக?"

வாய் தானாக 'லீ' வரைக்கும் போய்விட்டது. நிறுத்தினேன். கடையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

"படிக்கல. காலேஜ விட்டுட்டா. வீட்டுல இருக்கா. பீட்டு பண்றா."

வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. கூரை இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் டீயை இன்னொரு மிடறு குடித்தார்.

"பீட்டுக்குன்னா இத எடுங்க. காத முழுசா மூடிரும். பக்கத்துலயே நின்னாலும் வெளில இருக்கிறவுகளுக்கு ஒரு பொட்டுச் சத்தம் கேக்காது."

நூற்றிருபத்தைந்து நாளாக நான் நெஞ்சில் தூக்கிச் சுமந்ததற்கு உலகம் காட்டிய அக்கறை அவ்வளவுதான். எனக்கு ஒரு பொட்டுச் சத்தமும் கேட்காத ஹெட்போனை என் கையாலேயே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தட்டோடு சேர்த்து வாசலில் வைத்தேன். கூடவே அந்தத் தாளையும். நான் அடித்ததற்குப் பக்கத்தில் அதே சிவப்புப் பேனாவால் ஒரு சரி போட்டிருந்தேன். வேறு எழுதத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் நீங்கிற்று. கழுத்தில் ஹெட்போன் தொங்க, கையில் மாமனின் ராசியான மைக்கோடு நின்றாள். மெலிந்திருந்தாள்.

"அம்மா, அந்த 'மூடியாச்சா'வ இன்னொரு தடவ சொல்லு. பழசுல ஃபேன் சத்தம் விழுந்திருக்கு. இதுல கேக்கும்போதுதான் தெரியுது."

நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். தலையசைத்தாள். இன்னொரு தடவை. மறுபடி. ஆறு தடவை சொன்னேன். எனக்குப் பஸ் போய்விட்டது.

"சரியா வரலம்மா."

"ஏன்டி, அதே வார்த்ததான சொல்றேன்?"

"வார்த்த சரிதான். இதுல பயமே இல்லையே."

வாழ்நாளில் என்னைப் பார்த்து யாரும் சொல்லாத குறை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் மைக்கை அணைக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

அவள் இன்னும் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. இது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். யாராவது கேட்டால் வீட்டில் இருக்கிறாள் என்கிறேன். நாக்கு இன்னும் கொஞ்சம் தடுக்கிறது. பாண்டி அந்தப் பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் அன்றிலிருந்து சோழவந்தான் பக்கம் எந்த மண்டபத்திலும் அவன் ஒன், டூ, த்ரீ சொல்லி மைக்கைச் சோதிப்பதில்லை. "கேஸ மூடியாச்சா? மூடியாச்சா?" என்கிறான். பந்தியில் இருக்கிற பெண்கள் திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கல்யாணத்துக்கு வந்த எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும் திரும்பி என்னைத் தேடுகிறார்கள்.

தாழ்ப்பாள் இப்போது விழுவதில்லை. கதவு சும்மா சாத்தியிருக்கிறது. இருந்தாலும் சனிக்கிழமை மத்தியானங்களில், விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு போகிற சாக்கில், அங்கே கொஞ்சம் நிற்கத்தான் செய்கிறேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஒரு பொட்டுச் சத்தம் கேட்பதில்லை. அந்த அமைதியில் எனக்கு என்னென்னவோ தோன்றும். கை தானாகக் கதவைத் தள்ளப் போகும்.

சரியாக அந்த நேரத்தில், கதவுக்கு அடியில் என் காலின் நிழல் தெரியுமோ என்னமோ, உள்ளேயிருந்து குரல் வரும்:

"மூடியாச்சும்மா. போய்ப் பேப்பர் திருத்து."